பாப்பா காலியாக விட்ட கட்டம்

என் நாத்தனாருக்கு முன்னந்தலையில் நரை விழுந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியும் போட்டாயிற்று. ஆனாலும் எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வைத்த பெயர். கல்யாணமாகி வந்ததிலிருந்து நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அலுவலகத்தில் அவளுக்கு வேறொரு பெயர் உண்டு, 'பஞ்சாயத்து'. அதையும் அவளே என்னிடம் வந்து சொல்லிச் சிரித்திருக்கிறாள். எங்கே இரண்டு பேர் முறைத்துக்கொண்டாலும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இருவரையும் சமாதானமாக எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

அந்தப் பெருமையில்தான் என் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். ஒரு மனிதர் தன் தலையைத் தானே நம்பலாமா கூடாதா என்று திகைத்து நின்ற கதை இது. அவரை அப்படி நிறுத்தியது பாப்பா. எனக்கு அவள்மேல் கோபம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நான் நாத்தனார் புராணம் பாடினேன் என்று சொல்ல வேண்டாம்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று எனக்குப் புரிய வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு பெரிய கணினிக்குள்ளே இல்லாத கணினிகள் பல ஓடுமாம். மெய்நிகர் கணினி என்று பெயர். அதற்கு டிஸ்க் உண்டு, நெட்வொர்க் கார்டு உண்டு, நினைவகம் உண்டு, ஆனால் தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. இன்ன டிஸ்க், இவ்வளவு நினைவகம், ஒவ்வொன்றும் இப்படி இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கோப்புதான் அதற்கு உடம்பு. "அப்ப பேய்க்கு அளவெடுத்துச் சட்டை தைக்கிற வேலைன்னு சொல்லு" என்றேன். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் தையல் கடை வைத்திருப்பவள். அளவுச் சீட்டு என்றால் எனக்குப் புரியும். விஷயம் என்னவென்றால், இந்த இல்லாத கணினிகளை ஓட்டுகிற மென்பொருளைச் செய்யும் கம்பெனிகள் மூன்று. மூன்றும் அளவுச் சீட்டைத் தங்கள் தங்கள் பாஷையில் எழுதின. ஒரு கம்பெனியிடம் போன வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனிக்கு மாற நினைத்தால், எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி தைக்க வேண்டும். ஆகவே எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுச் சீட்டை உருவாக்கலாம் என்று குழு ஒன்று போட்டார்கள். அதற்குத் தலைமை எந்தக் கம்பெனியிலும் இல்லாத பாப்பா.

குழுவில் மூன்று கம்பெனிக்கும் ஒவ்வொரு ஆள். மூவருக்கும் பாப்பா பெயர் வைத்திருந்தாள். பெரிய கம்பெனிக்காரர் 'மாமனார்', எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். இன்னொருவர் 'முந்திரிக்கொட்டை'. மூன்றாமவர் 'ஊமைக்கோட்டான்', கூட்டம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, முடிகிற நேரத்தில் ஒரே ஒரு ஆட்சேபம் சொல்லி எல்லாவற்றையும் கவிழ்ப்பவர். இவர்களை வைத்துக்கொண்டு பாப்பா வருடக்கணக்கில் ஒவ்வொரு கட்டமாக ஒப்புக்கொள்ள வைத்தாள். டிஸ்க்கின் அளவை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதற்கே ஒரு மழைக்காலம் முழுதும் போனது.

கடைசியில் ஒரே ஒரு கட்டத்தில் வண்டி நின்றுவிட்டது. டிஸ்க்கிடம் 'இதைச் சேமி' என்று சொன்னால், எப்போது 'ஆயிற்று' என்று பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் சிக்கல். மாமனாரின் கம்பெனியில் உண்மையிலேயே எழுதி முடித்த பிறகு 'ஆயிற்று' வரும். பத்திரம், ஆனால் மெதுவாக நடக்கும். முந்திரிக்கொட்டையின் கம்பெனியில் கையில் வாங்கிய உடனே 'ஆயிற்று' வந்துவிடும், எழுதுவது பிறகு சாவகாசமாக நடக்கும். வேகம்தான், ஆனால் நடுவில் கணினி படுத்துவிட்டால் கையிலிருந்தது போனது போனதுதான். இந்த இரண்டில் எது வேண்டும் என்று பொதுச் சீட்டில் கட்டாயம் எழுத வேண்டும் என்று வைத்தால், ஒருவருடைய சரக்கு மந்தம் என்று தெரியும், மற்றவருடையது ஆபத்து என்று தெரியும். இரண்டு பேரும் விடவில்லை. ஊமைக்கோட்டான் வேடிக்கை பார்த்தார்.

பாப்பா தான் எழுதிய முதல் வரைவில் அந்தக் கட்டத்துக்கு எதிரே 'கட்டாயம்' என்றுதான் போட்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லாரும் எரிச்சலில் இருந்தபோது, அவளே அதை அடித்துவிட்டு 'விருப்பம்' என்று மாற்றினாள். வேண்டியவர்கள் நிரப்பட்டும், நிரப்பாமல் விட்டால் வாங்கிக்கொள்கிற கம்பெனி தன் வழக்கப்படி செய்துகொள்ளட்டும். பாம்பும் சாகாமல் கம்பும் நோகாமல் ஒரு தீர்ப்பு. மாமனார் எழுந்து கைகொடுத்தாராம். ஊமைக்கோட்டான்கூட ஆட்சேபம் சொல்லவில்லையாம்.

அன்று சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்தாள். துணி வெட்டுகிற மேசைமேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. போகும்போது ஒன்று சொன்னாள்.

"விருப்பம்னு போட்டா எவனும் நிரப்ப மாட்டான் அண்ணி. எனக்கே தெரியும். ஆனா சண்டை முடிஞ்சுதே, அது போதும்."

நானும் சிரித்தேன். பள்ளிச் சீருடை தைக்கிற நெருக்கடியில் கை நீளத்தை எழுதாமல் நானும் எத்தனையோ சீட்டு அனுப்பியிருக்கிறேன். தைக்கிறவர் தன் வழக்கப்படி தைத்துவிடுவார். பாதிப் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும்.

இப்போது என் வீட்டுக்காரர். பூட்டின பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். கேஸ் அடுப்பை நான் அணைத்தால் அதை அவர் இன்னொரு தடவை அணைப்பார். ஆரம்பத்தில் எனக்கு இது பைத்தியம் பிடிக்க வைத்தது. பிறகு பழகிவிட்டது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அந்த வேலைக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். 'அவர் தொட்டால் எதுவும் தொலையாது' என்று அங்கே சொல்வார்களாம். படாடோபம் இல்லாத மனிதருக்கு அது ஒன்றுதான் சொத்து.

பரிசோதனைக் கூடத்தின் நிர்வாகி, மாமனாரின் கம்பெனியிலிருந்து முந்திரிக்கொட்டையின் கம்பெனிக்கு மாறுவது என்று முடிவு செய்தார். மாற்றுகிற வேலை இவர் தலையில் விழுந்தது. பாப்பாவின் பொதுச் சீட்டு வந்துவிட்டதால் பயமில்லை என்று இவருக்கு ஒரே தெம்பு. தங்கை உருவாக்கியது என்று அங்கே எல்லாரிடமும் சொல்லியும் இருந்தார். ஆனாலும் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் இல்லையா? அலுவலகத்திலிருந்து அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் எதையாவது கையால் சரிபார்க்க வேண்டுமா என்று கேட்டார். அவள் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். "நீ ஒண்ணும் பாக்க வேணாம்ணா, எல்லாம் அதுவே போயிடும். அதுக்குத்தானே இத்தனை வருஷம் மாரடிச்சோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பேச்சைக் கேட்ட மூன்றாவது ஆள் யாரும் இல்லை.

எல்லாம் போனது, அந்த ஒரு கட்டத்தைத் தவிர. மாமனாரின் மென்பொருள் அதை நிரப்பவில்லை. விருப்பம்தானே. முந்திரிக்கொட்டையின் மென்பொருள் காலிக் கட்டத்தைப் பார்த்துத் தன் வழக்கப்படி வேகத்தைப் போட்டுக்கொண்டது. கொஞ்ச காலம் எல்லாருக்கும் திருப்தி. பழையபடி காத்திருக்க வேண்டியதில்லை என்று பரிசோதனை செய்கிறவர்கள் இவரைப் பாராட்டினார்கள்.

ஒருநாள் முற்பகலில் பெரிய கணினி அப்படியே படுத்துவிட்டது. எழுப்பிப் பார்த்தால், காலையில் எடுத்த முடிவுகளில் பாதியைக் காணோம். திரையில் எல்லாவற்றுக்கும் 'சேமிக்கப்பட்டது' என்று வந்திருந்தது. அதை நம்பி ரத்தம் பிடித்து வைத்த கண்ணாடிக் குழாய்களையும் கொட்டிக் கழுவியாகிவிட்டது. வந்தவர்களை மறுபடி கூப்பிட்டு மறுபடி ஊசி குத்தினார்கள். நரம்பு அகப்படாத பெரியவர் ஒருவரைக் கை மாற்றி மாற்றிக் குத்தியபோது இவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற ஒரு அம்மாவைத் தேடிப்பிடிக்க முடியவில்லை. புது முடிவு தெரியாமல் மாத்திரையைப் பழைய அளவிலேயே சாப்பிட்டு, மருத்துவமனையில் படுத்து, நல்லபடியாக வீடு திரும்பினார். நல்லபடியாகத் திரும்பினார் என்று தெரியும்வரை என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை.

விசாரணை வைத்தார்கள். பழைய கம்பெனி, எங்களிடம் இருந்தவரை பத்திரமாகத்தான் இருந்தது என்றது. புதிய கம்பெனி, சீட்டில் எழுதியிருந்தால் அப்படியே செய்திருப்போம் என்றது. அப்படியானால் பொதுச் சீட்டில் இதற்கு இடம் உண்டா இல்லையா என்று பரிசோதனைக் கூடத்தார் பாப்பாவின் குழுவுக்கே எழுதிக் கேட்டார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். வெளியிலிருந்து வரும் கேள்வி எதுவானாலும், செயலாளர் அதிலுள்ள ஆள் பெயர், கம்பெனி பெயர், ஊர் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறவர் கையில் கொடுப்பார். பெயர் தெரிந்தால் பட்சபாதம் வருமாம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே பாப்பாதான். ஆகவே அவள் மேசைக்கு வந்தது பெயரில்லாத கேள்வி. எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒருவர், எதையோ மாற்றும்போது ஏதோ தொலைந்துவிட்டது. அவள் டீ ஆறுவதற்குள் பதில் எழுதிவிட்டாள். அந்த விவரத்துக்குப் பொதுச் சீட்டில் இடம் உண்டு. குறிப்பிட்ட கோப்பில் அது நிரப்பப்படவில்லை. நிரப்பப்படாத கட்டங்களைச் சரிபார்ப்பது மாற்றுகிறவரின் பொறுப்பு.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்தக் கம்பெனியின் மென்பொருளும் அந்தக் கட்டத்தை நிரப்புவதே இல்லை என்பதை மட்டும் அவள் எழுதவில்லை. எழுதினால் அடங்கின சண்டை மறுபடி கிளம்பும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. கூட்டத்தைக் கலைக்காமல் இருக்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

அந்தப் பதிலை வைத்து என் வீட்டுக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். செய்தி கேட்டு பாப்பா பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். வேலை போன விஷயம் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நான் ஆத்திரத்தில் இருந்தேன். "உங்க ஆளுங்க எழுதின அழகைப் பாரு" என்று அந்தத் தாளை எடுத்து உரக்கப் படித்தேன். இரண்டாவது வரியில் அவள் முகம் மாறியது. தாளை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். தண்ணீர் வேண்டும் என்றாள்.

என் வீட்டுக்காரர் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மெதுவாக, தப்பு செய்த பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

"பாப்பா, மாத்தறதுக்கு முன்னாடி நான் உன்கிட்ட கேட்ட மாதிரி ஒரு நினைப்பு. எதுவும் பாக்க வேணாம்னு நீ சொன்ன மாதிரி. நான் கேட்டேனா?"

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"ஞாபகம் இல்லண்ணா" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல ஓடினாள். அண்ணனின் துக்கத்தைப் பார்க்கப் பொறுக்காமல் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவளுக்காகப் பரிதாபப்பட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

அன்றிலிருந்து அவர் மாறிப்போனார். வேலை நின்றதுகூடப் பெரிதில்லை. நடக்காத ஒரு பேச்சு நடந்ததாகத் தன் தலை சொல்லியிருக்கிறது, இனி அது எதைச் சொன்னாலும் எப்படி நம்புவது என்று அவருக்குள் புகுந்துவிட்டது. பூட்டை இழுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இழுத்தேன் என்று நினைத்துக்கொண்டு இழுக்காமல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று சாவியை என்னிடம் கொடுத்தார். ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டார். மாத்திரையை வாயில் போட்டுவிட்டு, "நான் இப்ப போட்டேன்ல?" என்று என்னைக் கேட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தது, பட்டன் வாங்கச் சொன்னால் நூல் வாங்கி வந்தது என்று பழைய மறதிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். எல்லா மனிதரும் மறக்கிறதுதான். அதையெல்லாம் கோத்து நானே அவர் கழுத்தில் மாட்டினேன். பாப்பாவைச் சொல்கிறேனே, இதில் எனக்கும் பங்கு உண்டு, அதை யார் தலையில் கட்டுவது?

அவர்தான் டாக்டரிடம் போகலாம் என்றார். மறதிக்கென்று பார்க்கிற டாக்டர். பாப்பாவும் கூட வந்தாள். இடையில் அவள் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துகொண்டுதான் இருந்தாள். வருவாள், பாத்திரம் தேய்ப்பாள், ஜன்னல் துடைப்பாள், என் கடையில் வந்து காஜா போடுவாள், வாயைத் திறக்க மாட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஜன்னல் துடைத்தது.

டாக்டர் சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அவர் எல்லாவற்றையும் தப்பில்லாமல் செய்தார். செய்துவிட்டு ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தார். உங்களுக்கு ஒன்றுமில்லை, எதை வைத்து மறதி என்று நினைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"என் தங்கச்சிகிட்ட போன்ல பேசினதா ஒரு நினைப்பு டாக்டர். அவ குரல்கூட நல்லா கேட்டுச்சு. ஆனா அப்படி ஒரு பேச்சே நடக்கல."

தங்கை அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

வெளியே நடைக்கூடத்தில், சக்கர நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த இடத்தில், பாப்பா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணா, நீ கேட்ட. நான்தான் ஒண்ணும் பாக்க வேணாம்னு சொன்னேன். அந்தக் கட்டத்தைக் காலியா விட வச்சதும் நான். அந்தப் பதிலை எழுதினதும் நான். ஞாபகம் இல்லைன்னு அன்னைக்குச் சொன்னது பொய்."

எனக்குக் கை பரபரத்தது. அறைந்திருப்பேன், ஆள் நடமாட்டம் இருந்தது. "இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளா?" என்றுதான் கேட்க முடிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கட்டும், திட்டட்டும், எதையாவது செய்யட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு சிரித்தார். அவள் தலையில் கையை வைத்தார்.

"டாக்டர்கிட்ட நான் சொன்னதைக் கேட்டு பயந்துட்டியா? சின்ன வயசுல அப்பா என்னை அடிக்க வந்தா, கண்ணாடியை நான்தான் உடைச்சேன்னு நடுவுல வந்து நிப்ப. இன்னும் அதே புத்தி உனக்கு."

இல்லை அண்ணா, இது நிஜம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவர் "சரி, சரி" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரு கம்பெனியின் மென்பொருளிலிருந்து கோப்பை எடுத்து, அதில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதைக் காட்டி, இன்னொரு கம்பெனிக்கு மாற்றி, அது தானாக வேகத்தைப் போட்டுக்கொள்வதையும் காட்டினாள். எனக்கே புரிந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"காலியாதான் இருக்கு. அதைப் பாக்கறது மாத்தறவன் வேலை. நீயே அப்படித்தானே எழுதியிருக்க? நான் பாத்திருக்கணும்."

நீ பார்க்கத்தான் கேட்டாய், நான்தான் வேண்டாம் என்றேன் என்று அவள் அழுதாள்.

"அதை நீ இப்ப சொல்ற" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவள்மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நானும் என்னாலானதைச் செய்தேன். அவள் கடைக்கு வந்து 'எவனும் நிரப்ப மாட்டான்' என்று சொன்னதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். நாத்தனாரும் அண்ணியும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் இவ்வளவு ஒற்றுமையா என்று அவருக்குச் சந்தோஷம் வேறு.

பிறகு பாப்பா குழுவுக்குப் போனாள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, பெயரில்லாமல் வந்த அந்தக் கேள்விக்குப் பெயர் சொன்னாள். அதில் மாட்டியவர் என் அண்ணன், பதில் எழுதியவள் நான், சொன்னது உண்மைதான் ஆனால் நேர்மையாகச் சொல்லவில்லை, அந்தக் கட்டத்தை விருப்பம் என்று மாற்றியதே தப்பு, கட்டாயம் என்று போட வேண்டும் என்று சொன்னாள். இத்தனை வருடம் கீரியும் பாம்புமாக இருந்த மாமனாரும் முந்திரிக்கொட்டையும் அன்று ஒன்றாகிவிட்டார்கள். சொந்த அண்ணனுக்காகப் பேசுகிறவர் நடுநிலையாகப் பேச முடியாதே, இதைப் பாசமென்று நாங்கள் புரிந்துகொள்கிறோம் என்றார்களாம் மிக மரியாதையாக. ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தார். அவள் தலைமையில் இருக்கும்வரை இதைப் பற்றிப் பேசுவது முறையில்லை என்றார்.

அவள் அங்கேயே தலைமையை விட்டாள். வேலையையும் விட்டாள். அவள் போன பிறகு அந்தக் கட்டம் கட்டாயமாகிவிட்டது. கூடுதல் தெளிவுக்காக என்று ஒரு குறிப்பு போட்டார்கள், வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தாயிற்று என்றாள் என்னிடம். பரிசோதனைக் கூடத்துக்கும் தன் பெயரைப் போட்டு நடந்ததெல்லாம் எழுதினாள். நிர்வாகி எதை நம்பினாரோ தெரியாது. அந்தக் கணினிகளை அறிந்தவர் வேறு ஆள் இல்லாமல் அங்கே திண்டாடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரைத் திரும்ப வரச் சொன்னார்கள்.

அவர் போனார். ஆனால் கணினி அறைச் சாவியை வாங்க மாட்டேன் என்றார். தங்கை பேச்சை வைத்து எனக்கு அந்த வேலை கொடுக்காதீர்கள் என்று நிர்வாகியிடமே சொல்லிவிட்டு, பரிசோதனைக்கான ரத்தம் குழாய்களில் வந்து சேரும் முன்மேசையில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே ஒவ்வொரு குழாயையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். தனியாக எதற்கும் பொறுப்பில்லை.

அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. முடித்த கோட்டுகளைக் கொடுக்கப் போனபோது பாப்பா ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். வேறு வேலை கிடைக்கும்வரை என் கடையில்தான் இருக்கிறாள். கையில் பொறுமை உண்டு, தையல் நன்றாகவே வருகிறது. ஒரு அளவுச் சீட்டையும் கட்டம் விட்டு வாங்குவதில்லை. வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

எங்களைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் குழாய் பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டுப் பாப்பாவைக் காட்டினார்.

"இதான் நான் சொன்ன தங்கச்சி. என்னைக் காப்பாத்தணும்னு செய்யாத தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டு வேலையை விட்டவ."

"செஞ்ச தப்புதாங்க" என்றாள் பாப்பா.

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "கூடப் பிறந்தவங்க இப்படி அமையணுமே" என்றாள். அவர் பெருமையோடு தலையாட்டினார். தன் நாற்காலியை இழுத்துப் பாப்பாவை உட்கார வைத்து, தனக்கு வந்த டீயை அவள் கையில் கொடுத்து, இளைத்துப் போய்விட்டாய் என்றார். பாப்பா என்னைப் பார்த்தாள். அவள் சொல்வது உண்மை என்று நம்புகிற ஒரே ஆள் நான்தான், என்னாலும் அவளை மன்னிக்க முடியவில்லை. அவள் குனிந்து டீயைக் குடித்தாள்.

ஜன்னல் வழியாக அடுத்த தட்டு வந்தது. அவர் ஒரு குழாயை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அதன்மேல் எழுதியிருந்த பெயரை நிறுத்தி நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுக் குழாயை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"நான் படிச்சது சரிதானா, கொஞ்சம் பாருங்க" என்றார்.